வெயிலில் வைத்த பெட்டி

மூடியைத் தூக்கியதும் முதலில் வருவது வாசனையல்ல, சத்தம். சாக்லேட்டுகளுக்கு மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய காகிதம் சரசரக்கும். அதற்குப் பிறகுதான் வறுத்த காப்பிக்கொட்டையும் வெண்ணெயும், யாருடைய சூட்கேஸிலோ கூடவே பயணம் செய்த சலவை சோப்பும் கலந்துகட்டிய ஒரு மணம் மெதுவாக எழுந்து வரும். பெட்டி என்னவோ சின்னதுதான், என் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸை விடக் கொஞ்சம் உயரம், மேலே மெல்லிய தங்க நிற ரிப்பன். உள்ளே மடிப்பு மடிப்பான காகிதக் கிண்ணங்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சாக்லேட்டுகளின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் நுனியில் சுண்ணாம்பு மாதிரி லேசாக வெள்ளை ஒட்டும். கோவளத்தில் எங்கள் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வெள்ளைதான் பிரான்ஸ்.

அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு கடற்கரை விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தவர். காரமில்லாமல், முள்ளில்லாமல், ஆனால் மீன் மீனாகவே இருக்கும்படி வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துப் போடுவதில் அவருக்கு நல்ல பேர் இருந்தது. அந்தப் பேர்தான் எங்களுக்கு வினையாக வந்தது. பாரீசுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த புதுச்சேரிக்காரர் ஒருவர் அந்த விடுதியில் வந்து தங்கி, நைனாவின் மீனைச் சாப்பிட்டுவிட்டு, ‘நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல’ என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. ‘ரெண்டு வருஷம், கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிப்பூடும்’ என்று என் தலையைத் தடவிவிட்டு நைனா வண்டி ஏறினார். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே தங்குவதற்கு ‘பேப்பர்’ என்று ஒன்று வேண்டுமாம், அது கிடைக்காமல் வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாதாம். ஆகவே பேப்பர் கிடைக்கிற வரைக்கும் அவர் வரமுடியாது என்றார்கள். அந்தப் பேப்பர் வரவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மா இன்னொரு விடுதியில் சலவைப் பிரிவில் வேலைக்குப் போனாள். படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மலை மலையாக வரும், அத்தனையையும் துவைத்து உலர்த்தி மடித்து வைத்துவிட்டு அவள் வீடு வந்து சேர இருட்டிவிடும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவிடம் சாவியை வாங்கி, திறந்து, உள்ளே உட்காருவேன். தம்பி தங்கை கிடையாது. அந்த நேரத்தில்தான் தெருவில் மற்ற வீடுகளுக்கு அப்பாக்கள் வருவார்கள். யார் வீட்டு அப்பா சைக்கிளை எப்படிச் சுவரில் சாத்துவார், யார் இருமிக்கொண்டே வருவார், யார் படகு மோட்டாரைத் தோளிலிருந்து ‘தொப்’பென்று இறக்கி வைப்பார் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே எனக்குச் சொல்லத் தெரியும். என் பிள்ளைப் பருவத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சத்தங்கள்தான். ஒன்றுகூட எங்கள் வாசலில் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நூர்ஜஹான் அக்கா வீட்டு போனில் நைனா பேசுவார். ‘இன்னா கண்ணு, துன்னியா? அம்மாவ தொந்தரவு பண்ணாம கீறியா?’ என்பார். நான் ‘உம்’ என்பேன். நிறையச் சொல்ல வேண்டும் என்று வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பேன், போனைக் காதில் வைத்ததும் எல்லாம் போய்விடும்.

வருஷத்துக்கு ஒருமுறை பெட்டி வரும். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட லீவு விடுகிற மாதத்தில், நைனா வேலை பார்த்த கடையிலேயே வேலை பார்த்த ஒருவர் குடும்பத்தோடு ஊருக்கு வருவார். ஊரப்பாக்கத்தில் அவருக்குச் சொந்த வீடு. நாங்கள் அவரை ‘ஊரப்பாக்கத்து மாமா’ என்போம். எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கான சாமான்கள் அவருடைய சூட்கேஸ்களில்தான் வரும். விமானத்தில் எடைக் கட்டுப்பாடு. தலைக்கு இவ்வளவுதான் என்று மாமா கண்டிப்பாக இருப்பாராம். அதனால்தான் நைனா பெரிய டப்பாவாக எதுவும் வாங்காமல், தன் கடை இருந்த தெரு முனையில் விற்ற அந்தச் சின்னப் பெட்டிகளாக வாங்கிக் கொடுத்தனுப்புவார். ‘வெல அப்டி ஒண்ணும் இல்ல. சின்னப் பொட்டி, ஆனா சாமான் சுத்தம். இங்க பெரிய பெரிய ஆளுங்க வூட்டுக்குப் போனாலே இதத்தான் வாங்கினு போறாங்க’ என்று போனில் பெருமையாகச் சொல்லுவார்.

மாமா வந்து இறங்கி, எங்களுக்குச் செய்தி சொல்லி, அம்மாவுக்கு லீவு கிடைத்து நாங்கள் ஊரப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் நாள் பல ஓடிவிடும். அதுவரை சூட்கேஸ்கள் மாடியில் ஒரு தகரக் கூரை அறையில் கிடக்கும். உள்ளே நுழைந்தாலே முகத்தில் அனல் அடிக்கும். பெயர் ஒட்டிய பையை எடுத்துக் கொடுத்துவிட்டு மாமா, ‘நல்லா கீறாரும்மா, கவலப்படாத’ என்பார். அவ்வளவுதான் நைனாவைப் பற்றி எங்களுக்குக் கிடைக்கும் செய்தி. திரும்பி வண்டலூர், கேளம்பாக்கம் என்று இரண்டு பஸ் மாறி வருவோம். பெண்கள் சீட்டு எப்போதும் என்ஜின் மூடிக்குப் பக்கத்தில்தான் காலியாக இருக்கும். அங்கே உட்கார்ந்தால் செருப்புப் போட்ட கால்கூடக் கொதிக்கும். பெட்டிகள் இருக்கும் துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வருவேன். பையில் சூடு ஏறி என் வயிற்றில் பரவும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து திறந்தால் சாக்லேட்டுகள் மேலெல்லாம் வெள்ளை பூத்து, ஓரம் கொஞ்சம் சரிந்து, சில கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள், சாக்லேட் உருகி மறுபடி இறுகினால் அப்படித்தான் வெளுக்கும் என்று. எங்கள் தெருவில் யாருக்கு அது தெரியும்? முதல் வருஷம் பார்த்தவுடனே என் ரோசி அத்தை, நைனாவின் அக்கா, தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: ‘அங்க பனி கொட்டுதுல்ல? அந்தக் குளிரு ஒட்டினு வந்துகீது. இதான் அசல் பாரீசு.’ நூர்ஜஹான் அக்காவின் வீட்டுக்காரர் சவுதியிலிருந்து கொண்டுவருவது ஜிகினாத்தாள் சுற்றிய, நடுவில் முந்திரி வைத்த, நாக்கில் வைத்தால் தித்தித்துத் தள்ளும் மிட்டாய். எங்களுடையது கசக்கும். முதல் வருஷம் வாயில் போட்ட பாதிப் பேர் ஓடிப்போய்த் துப்பினார்கள். ஆனால் கசப்பும் வெள்ளையும் சேர்ந்து அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. எதிர்வீட்டுச் செல்வி அக்காவின் மாமியார் அதைச் சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று முடிவு கட்டி, தூள் தூளாகக் கிள்ளி வெந்நீரோடு விழுங்கினார். நான் மட்டும்தான் அந்தக் கசப்பை ஆசையாகச் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன். நைனா தொட்டது என்பதால் முதலில் சகித்துக்கொண்டேன். போகப் போக, உண்மையாகவே பிடித்துப்போனது.

பெட்டி வரும் சமயமும் எங்கள் மாதா கோயில் கொடியேற்றமும் அநேகமாகச் சேர்ந்தே வரும். அன்றைக்கு எங்கள் வீடுகளிலிருந்து தெருவில் எல்லா வீட்டுக்கும், இந்து வீடு, பாய் வீடு என்ற பேதமில்லாமல், துணி மூடிய தட்டுப் போகும். முறுக்கு, அதிரசம், வாழைப்பழம் எல்லார் தட்டிலும் இருக்கும். எங்கள் தட்டில் மட்டும் நடுவே ஒரு சாக்லேட்டு, தன் காகிதக் கிண்ணத்தோடு. தட்டை வாங்கிக்கொள்கிறவர்கள் வெறுமனே திருப்பமாட்டார்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். ‘உங்க நைனா அனுப்புச்சதா?’ என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள். நான் ‘ஆமா’ என்பேன். வருஷம் முழுக்க வாயே திறக்காத நான் அந்த ஒரு சாயங்காலத்தில் எத்தனை ‘ஆமா’ சொல்லியிருப்பேனோ! கடைசியில் பார்த்தால் பெட்டி காலி. எனக்கு ஒட்டிக்கொண்டதும் உடைந்ததும்தான் மிஞ்சும், கூடவே காலிப்பெட்டியும் ரிப்பனும். ஒரே ஒரு பெட்டி, யாரும் கை வைக்காத முழுப்பெட்டி, எனக்கென்று வேண்டும் என்று நான் அழுதிருக்கிறேன். அம்மா கொடுத்ததில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்று புரியக் கொஞ்சம் வயசாக வேண்டியிருந்தது. நாங்கள் இருந்த வீடு நைனாவுடைய அப்பா கட்டியது. பக்கத்திலேயே, ஒரே காம்பவுண்டுக்குள், அத்தையின் வீடு. எது யாருக்கு என்பதெல்லாம் வாய்ப்பேச்சுதான், பத்திரம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அத்தையின் மகன் அந்தோணிக்குக் கல்யாண வயசு வந்தபோது அத்தைக்கு எங்கள் வீட்டின் மேல் கண் விழுந்தது. அவள் ஒளிவு மறைவு தெரியாதவள், அம்மாவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: ‘என் தம்பி உறவு வெச்சினு கீற வரைக்கும் நீ இந்த வூட்டு மருமவ, ஸ்டெல்லா. உன்ன யாரும் அசைக்க முடியாது. அவனே வாணாம்னு வுட்டுட்டான்னா அப்பறம் நீ யாரு, நான் யாரு?’ அதற்குப் பிறகு வந்த கொடியேற்றங்களில் தட்டுகள் இன்னும் அதிகமான வீடுகளுக்குப் போயின. கணவன் மறக்கவில்லை என்பதை அம்மா வீடு வீடாகச் சொல்லியாக வேண்டியிருந்தது. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்?

நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். கோயிலும் கல் யானையும் பார்த்துவிட்டு வரிசையாகக் கடைத்தெருவில் நடந்து வரும்போது, வெளிநாட்டுக்காரர்களுக்காக ஏசி போட்டு வைத்திருந்த ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் பெட்டியைப் பார்த்தேன். அதே தங்க ரிப்பன், அதே அளவு. ஒரு பெட்டியை மூடி திறந்து காட்சிக்கு வைத்திருந்தார்கள். உள்ளே இருந்தவை கறுகறுவென்று, எண்ணெய் தேய்த்த தலை மாதிரி மின்னின. எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் நைனாவின் சாக்லேட்டை எவனோ காப்பி அடித்துவிட்டான் என்று நினைத்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சொன்னேன், ‘எம்மா, நம்ம பொட்டி மாரியே மகாபலிபுரத்துல ஒரு கடையில கீதும்மா. ஆனா டூப்ளிகேட்டு. வெள்ளையே இல்ல.’ அம்மா, ‘ஆங், அப்டியா’ என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

எட்டாவது படித்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன் வருவது குறைந்தது. பிறகு நின்றது. நாங்களாக அடித்தால் ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் எதையோ ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லும். நூர்ஜஹான் அக்கா போனை வைத்துவிட்டு என் கன்னத்தைத் தட்டி, ‘லைனு சரியில்ல போல கீதுமா’ என்பாள். நான் பூசை முடிந்ததும் பழக்கதோஷத்தில் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டிருப்பேன். அவளும் விரட்டமாட்டாள். நாஸ்தா கொடுப்பாள், தின்றுவிட்டு எழுந்து வருவேன்.

அந்த வருஷம் கொடியேற்றம் நெருங்கியபோது அம்மா என்னை ஊரப்பாக்கத்துக்குக் கூட்டிப்போகவில்லை. ‘ஸ்கூலு இருக்குல்ல, நான் போய்னு வரேன்’ என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் நான் வந்தபோது அவள் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சமைத்துக்கொண்டிருந்தாள். பீரோவின் மேல் இரண்டு பெட்டிகள். எம்பி எடுத்தேன். கை வைத்ததும் என்னவோ போலிருந்தது, பிறகுதான் புரிந்தது, பெட்டி ஜில்லென்று இருந்தது. மூடியைத் தூக்கினேன். காகிதம் சரசரத்தது. உள்ளே ஒவ்வொன்றும் தன் கிண்ணத்தில் தனித்தனியாக, கறுகறுவென்று, மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மாமா கையில் நைனா எதுவும் கொடுத்தனுப்பவில்லை. நைனா அந்தக் கடையை விட்டுப் போய் மாதங்கள் ஆகிவிட்டன. எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்பதை மாமா அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். எனக்கு அம்மா இதையெல்லாம் சொன்னது பின்னாளில்தான். ஆனால் அந்தச் சாயங்காலம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. சத்தம் வராமல் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பாடப்புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

விளக்கு வைத்ததும் ரோசி அத்தை வந்தாள். முழங்கால் வலி, வாசற்படியிலேயே உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

‘இன்னா ஸ்டெல்லா, வந்துச்சா?’

‘வந்துச்சி அண்ணி. கொடியேத்தம் அன்னிக்குப் பிரிக்கலாம்னு வெச்சினு கீறேன்.’

‘வெள்ளையா கீதா?’ என்றாள் அத்தை. ‘இல்ல, அந்தோணி சொல்றான், இப்பல்லாம் மெட்ராசுலயே விக்கிறானுங்களாம். அதுலாம் சும்மா பளபளன்னு கீதாம். வெள்ள பூத்து வந்தாதான் என் தம்பி அனுப்புச்சது.’

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ‘ம்’ என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அத்தை போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவள் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், ரிப்பனின் நிறம் வரைக்கும் பார்த்து வாங்கியிருந்தாள். இந்த ஒன்றை யோசிக்கவில்லை. என்னிடம் மறைத்துவிட்டாளே என்று அவள்மேல் அதுவரை இருந்த கோபம் எல்லாம் அந்த ‘ம்’மில் போய்விட்டது. என் அம்மாவின் முதுகு அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா வேலைக்குப் போனாள். நான் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்தச் சாக்லேட்டுக்கும் நைனாவின் சாக்லேட்டுக்கும் என்ன வித்தியாசம்? அது மாமாவின் தகரக் கூரை அறையில் கிடந்தது. என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. என் மடியில் கொதித்தது. இதற்கு அதெல்லாம் கிடைக்கவில்லை. பனியாவது குளிராவது, வெள்ளை வருவது வெயிலால்தான் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. அதுவரை தெருவே நம்பியதை நானும் நம்பிக்கொண்டுதானே இருந்தேன், அதை விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. பெட்டிகளைத் தாவணியில் சுற்றிக்கொண்டு எங்கள் மொட்டைமாடிக்கு ஏறினேன். அத்தைக்குப் படி ஏற முடியாது என்பது பெரிய தைரியம்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில், மூடியைத் திறந்து வைத்து, நானும் பக்கத்தில் குந்திக்கொண்டேன். ஆடி வெயில் மண்டையைப் பிளந்தது. மின்னிக்கொண்டிருந்தவை மெதுவாக மங்கின, ஓரம் தளர்ந்தன, ஒன்றின் முனை சரிந்தது. ரொம்பவும் விட்டால் மொத்தமும் குழம்பாகிவிடும், எடுத்துவிட்டால் வெள்ளை வராது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியதைப் பாழாக்கிவிட்டேனோ என்று பயம். அம்மாவிடம் என்ன சொல்வது? ‘எனக்குத் தெரியும்’ என்று எப்படிச் சொல்வது?

படியில் சத்தம் கேட்டது. அன்றைக்கு அரைநாள் வேலை என்பது எனக்குத் தெரியாது. அம்மா மேலே வந்து நின்றாள். திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் தோளில் இன்னும் வேலைக்கு மாட்டிக்கொள்ளும் நீலக் கோட்டு இருந்தது. நான் எழுந்து நின்றேன். அவள் நடந்து வந்து, குனிந்து, ஒரு சாக்லேட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

‘காக்கா கொத்திடும்டி’ என்றாள். ‘மேல ஒரு துணி போட்டு வெய்யி.’

கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் பழைய புடவையை உருவி, இரண்டாக மடித்து, பெட்டிகளின் மேல் படாமல் இரண்டு பக்கமும் செங்கல் வைத்து அவளே போர்த்தினாள். பிறகு நிழலுக்குள் என்னை இழுத்து உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். வெயிலில் எதை எவ்வளவு நேரம் போடலாம் என்பது அவளுக்குத் தொழில். அவ்வப்போது புடவையைத் தூக்கிப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம்’, ‘போதும், எடு’ என்று சொன்னாள். எடுத்துக் கீழே கொண்டுபோய்ப் பானை வைக்கும் ஈர மணலில் வைத்தோம். இறுகியதும் மறுபடி மேலே. நாங்கள் அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. நைனா என்ற வார்த்தையே எங்கள் வாயிலிருந்து வரவில்லை. அவர் இனி வரமாட்டார் என்று என் அம்மா எனக்குச் சொன்னதும், தெரியும் என்று நான் அவளுக்குச் சொன்னதும் அந்த மாடியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஓரங்களில் லேசாகச் சாம்பல் நிறம் படர்ந்து, உச்சியில் வெள்ளை பூத்திருந்தது. அசல் பாரீசு.

கொடி ஏறியது, வேட்டு வெடித்தது. தட்டுகள் கிளம்பின. முதல் தட்டை அம்மா என்னிடம் கொடுத்து, ‘அத்தைக்கு’ என்றாள். அத்தை துணியை நீக்கி, சாக்லேட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் தேய்த்தாள். வெள்ளை ஒட்டியது. ஒரு ஓரம் கடித்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணியது. கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். ‘இதான். இதான் என் தம்பி அனுப்புச்சது’ என்றாள். ‘போன் பண்ணவே இல்லியேடி, எங்க செத்துகித்துப் பூட்டானோன்னு நானும் உள்ளுக்குள்ளயே வெச்சினு கீறேன்.’ மீதியைத் தின்னாமல் அந்தக் கிண்ணத்திலேயே வைத்து, மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். வீட்டைக் கேட்பாள் என்று அவளைப் பார்த்து வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்த எனக்கு, அவளும் தம்பியைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள் என்பது அன்றுவரை தெரியாது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொள்ளவில்லை. தட்டில் அவள் போட்ட சர்க்கரையோடு அடுத்த வீட்டுக்குப் போனேன். ‘உங்க நைனா அனுப்புச்சதா?’ என்றார்கள். ‘ஆமா’ என்றேன்.

அத்தை சாகும் வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அம்மா மாமல்லபுரம் போய்ப் பெட்டி வாங்கி வந்தாள், ஒவ்வொரு வருஷமும் நாங்கள் அதை மாடிக்குக் கொண்டுபோனோம். அந்தோணி அத்தான் கல்யாணம் முடிந்து வேறு வீடு பார்த்துக்கொண்டார். எங்கள் வீடு எங்களிடமே இருந்தது. நைனாவுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். அவர் எங்களைத் தேடவில்லை, நாங்களும் தேடவில்லை.

இப்போது நான் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வேடிக்கை பாருங்கள், குடியிருப்பது ஊரப்பாக்கத்தில். மாமா வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. ரயிலுக்கு நடக்கும்போது தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அந்தப் பெட்டிகளைச் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்திலேயே அடுக்கி வைத்திருக்கிறார்கள், பிறந்தநாள் வந்தால் ஆபீஸில் ஆளுக்கொன்று மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் கை வைக்காத முழுப்பெட்டி. திறந்தால் மின்னுகிறது. ஒன்று எடுத்து வாயில் போடுவேன், நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவதை எடுக்கத் தோன்றாது.

கோவளத்தில் தட்டு மாற்றும் வழக்கம் போய்விட்டது. நூர்ஜஹான் அக்கா மகனோடு கேளம்பாக்கத்து ஃபிளாட்டுக்குப் போய்விட்டாள், செல்வி அக்கா வீட்டை விற்றுவிட்டார்கள், அத்தையின் வீட்டில் கடலில் அலைச்சறுக்கு விளையாட வரும் பிள்ளைகள் வாடகைக்குத் தங்குகிறார்கள். அம்மா மட்டும் அந்த வீட்டில் இருக்கிறாள். என்னோடு வா என்றால் வரமாட்டாள். கொடியேற்றத்துக்கு நான் போவேன், பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு.

இந்த வருஷமும் போனேன். அம்மா பெட்டியை வாங்கி, ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவளுக்கும் இப்போது முழங்கால் வலி. நான் பின்னாலேயே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்தாள்.

‘இன்னும் எதுக்கும்மா இதெல்லாம்? அத்தையே இல்ல. யாருக்குக் காட்டப் போற?’ என்றேன்.

‘யாருக்கும் இல்லடி’ என்றாள் அம்மா. சொல்ல வெட்கப்பட்டவள் மாதிரி கடல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: ‘பளபளன்னு இருந்தா யாரோ குடுத்த மாரி கீது. வெள்ள பூத்தாதான் உங்க நைனா அனுப்புச்ச மாரி கீது.’

வாங்கி வந்தது நான். அத்தை போன பிறகு இத்தனை வருஷமாக வாங்கிக் கொடுப்பதும் நான்தான். அந்த ‘யாரோ’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அவளிடம் எதைச் சொல்லிச் சண்டை போட? தெருவில் எல்லாரையும் நம்ப வைத்தாள், அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், இப்போது நம்புவதற்கு அவள் ஒருத்திதான் மிச்சம்.

கொடியிலிருந்து புடவை ஒன்றை எடுத்து, மடித்து, பெட்டிக்கு மேலே போர்த்தினேன். ‘காக்கா வராம பாத்துக்க’ என்று சொல்லிவிட்டு அம்மா கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் புடவை நுனியைத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி மூடிவிட்டு, வெயிலில் உட்கார்ந்துகொண்டேன்.